கடலில் தண்ணீர் குடித்த மாடு

நீர்நிலை ஒன்று புதிதாகப் பதியப்படும்போது, அதை முதலில் கண்டு அறிவித்தவர் யார் என்று விசாரித்து அறிந்து, அவருடைய பெயரைப் பதிவிலும் அவ்விடத்தில் நாட்டப்படும் கல்லிலும் குறிப்பிடுதல் வேண்டும். இதுதான் விதி. விசாரித்து அறிய வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் ஓய்வு பெறும் வரைக்கும் வேலை பார்த்தவள் நான். அந்தப் பந்தியை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அது ஒரு தடவையாவது நடைமுறைக்கு வந்ததை நான் கண்டதில்லை.

புங்குடுதீவில் இறுப்பிட்டிக் கரையில் நின்று, நீர் இறங்கிய வற்றுக் கடலைப் பார்த்தால், தண்ணீருக்குள் ஒரு வட்டக் கட்டு தெரியும். சுற்றிவர உப்புக் கடல். கட்டுக்குள் ஊறுவது குடிக்கிற தண்ணீர். அதற்கு நேரே கரையில் நாட்டியிருந்த கல்லில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று வந்து பார்த்த பொறியியலாளருடையது, மற்றது திறந்து வைத்த கிராமச் சங்கத் தலைவருடையது, மூன்றாவது என் பெரியப்பாவுடையது. ஊற்றைக் கண்டுபிடித்தது என் சின்னம்மா. அவருக்கும் முன்னால் கண்டது அவருடைய மாடு. மாடுகளைப் பற்றி விதி எதுவும் சொல்லாததால் சின்னம்மாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வயதுக்காரர்களே, அந்தக் கோடையை நீங்களும் எங்கோ ஒரு கிணற்றடியில் நின்று கழித்திருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடச் சுவரில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்துத் தேசப்படம் ஒன்றின் பிரதி தொங்கியது. வந்திறங்கியவர்கள் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலணை லெய்டன். நயினாதீவு ஹார்லெம். எங்களது மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் கழலாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் கரும்பலகையில் 'தீவுகளைக் கண்டுபிடித்தவர்கள்' என்று தலைப்பிட்டு எழுதுவித்தார். நான் பாடமாக்கி வீட்டில் ஒப்புவித்தேன். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த சின்னம்மா கையை நிறுத்தினார்.

"அதுக்கு முன்னம் இஞ்சை இருந்த சனம் எங்கை துலைஞ்சுபோய்க் கிடந்ததாம்?"

சோதனையில் அப்படி எழுதிவிடாதே என்றார் அம்மா. நான் எழுதவில்லை. நல்ல புள்ளி கிடைத்தது.

பிற்காலத்தில் வேறொன்றும் படித்தேன். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவன் என்று பெயரெடுத்த போர்த்துக்கேயக் கப்பல் தலைவன், ஆபிரிக்கக் கரையில் வழி தெரிந்த ஒருவனை ஏற்றிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தானாம். வழி தெரிந்தவன் யார் என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள். கப்பல் தலைவன் யார் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. இருபத்திரண்டு வயது. எங்கள் வளவின் பின்வீட்டில் தனியாக இருந்தார். அவரைக் கலியாணம் முடித்த மனிதர் தென்பகுதியில் கடை வைத்திருந்தார். எங்கள் தீவில் பாதி ஆண்கள் அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான். மற்றவர்கள் சித்திரைக்கும் தீபாவளிக்கும் வந்து போனார்கள். அந்த மனிதர் வருவதை நிறுத்திவிட்டார். அங்கே இன்னொரு குடும்பம் என்று கதை வந்தது. சின்னம்மாவுக்கு மிஞ்சியவை சீதனத்தோடு வந்த செவலை மாடும், வேலி தாண்டிக் கேட்கும் குரலும். ஊரில் அவரைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் குறைவு. இன்னாருடைய பெண்சாதி என்பார்கள். இன்னார் எங்கே என்று கேட்பதற்கு அதுவே வசதியாக இருந்தது.

அந்த வருடம் மாரி மழை ஏமாற்றிவிட்டது. வைகாசி பிறக்கும் முன்பே கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்தன. தேத்தண்ணீரில் சீனியும் உப்பும் சேர்ந்து ஒரு சுவை வரும். அதை இப்போது நினைத்தாலும் நாக்கின் அடி சுருங்குகிறது. சவர்க்காரம் நுரைக்காது. கொடியில் காய்ந்த சட்டையை மடித்தால் அப்பளம் போல முறியும், மடிப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சோளகக் காற்று பகல் முழுவதும் புழுதியை அள்ளி வந்து கண்ணில் போட்டது. குடிக்கிற தண்ணீரை நாங்கள் நல்ல தண்ணீர் என்போம். ஊருக்கென்று ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு மிஞ்சியது. பனையோலைப் பட்டையை இறக்கினால் அடியில் கல்லோடு உரசும் சத்தம் மேலே நிற்பவர்களுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையில் கதை நின்றுவிடும்.

கிணற்றுப் பொறுப்பு பெரியப்பாவிடம் இருந்தது. அப்பாவின் தமையன். மோசமான மனிதர் அல்ல. நீதியானவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்தார், காவலுக்கு ஆள் வைத்தார், மாடு கன்றுக்கு நல்ல தண்ணீர் கிடையாது என்றார். மாடுகளை எல்லோரும் அவிழ்த்து விட்டார்கள். காலையில் போகும், மேய ஏதும் கிடைத்தால் மேயும், மாலையில் எலும்பு தெரியத் திரும்பி வந்து உவர்த் தண்ணீர்த் தொட்டியை முகர்ந்துவிட்டு நிற்கும்.

செவலை மட்டும் அப்படி இல்லை. வயிறு நிறைந்து வந்தது. தொட்டிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஊரில் ஒரு மாடும் கறக்காத நாட்களில் அது பால் தந்தது. பாலைச் சின்னம்மா குழந்தைகள் இருந்த வீடுகளுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது எங்கள் மாட்டுப் பால் என்று வாசலில் நின்று உரத்துச் சொல்லியும் கொடுத்தார். அடக்கம் என்ற குணம் அவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வினை அந்தப் பாலோடு வந்தது. ஒருநாள் வரிசையில் எங்கள் முறை வந்தபோது பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உம்மடை மாடு ஆரின்ரை தண்ணியைக் குடிக்குது?"

"மாட்டைக் கேளுங்கோ, பெரியத்தான். என்னைவிட வடிவாச் சொல்லும்."

வரிசை சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. ஊர் அசந்த நேரம் பார்த்து யாரோ கிணற்றில் அள்ளுகிறார்கள் என்று தனக்குத் தகவல் வந்திருப்பதாகச் சொன்னார். யார் தந்த தகவல் என்று சொல்லவில்லை. இந்த நடைமுறை பின்னாளில் கச்சேரிக் கந்தோரில் எனக்கு நன்கு பழக்கமானது. பிறகு, எல்லோரும் கேட்க, "இண்டையோடை உம்மடை முறை நிப்பாட்டு" என்றார்.

வறட்சியில் தண்ணீர்க் கள்ளி என்ற பெயர் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நகை திருடினவளுக்குக்கூட ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள். சின்னம்மா வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மா எங்கள் பங்கில் பாதியை ஊற்றப் போனார். சின்னம்மா குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"கள்ளி எண்ட பேரோடை இதைக் குடிக்க ஏலாது, அக்கா."

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. சின்னம்மா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ சாட்சி. நான் சொன்னா நம்பாயினம்" என்றார். செவலை முன்னே போனது. நாங்கள் பின்னே போனோம்.

அது எங்கும் நின்று மேயவில்லை. தாழை மரங்களைக் கடந்து, ஊரிச் சிப்பி பரந்த வெளியைக் கடந்து கரைக்கு வந்தது. கடல் வற்றிக் கிடந்தது. சேற்றில் ஏற்கெனவே குளம்புத் தடங்கள் ஒற்றையடி ஒழுங்கையைப் போல நேராகப் போயின, தண்ணீருக்குள் போயின. செவலை அந்த ஒழுங்கையில் இறங்கியது. முழங்கால், தொடை, வயிறு. பிறகு நின்றது. தலையைக் குனிந்து கடலைக் குடிக்கத் தொடங்கியது.

நான் அழுதேன். மாட்டுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். உப்புத் தண்ணீர் குடித்த மாடு செத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்னம்மா அழவில்லை. குடத்தோடு இறங்கினார். சேலை நீரில் குடை போல விரிந்தது. மாட்டின் அருகில் இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தார். அப்படியே அசையாமல் நின்றார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார். வாயால் கூப்பிடவில்லை. அந்த மனுசியின் குரல் அடங்கி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

போனேன். எனக்கு நெஞ்சளவு. கால் சுடும் கடல் அது, மத்தியான வெயிலில் கஞ்சி போலக் கிடந்த கடல். செவலைக்கு அருகில் போனதும் திடீரென்று கால்கள் குளிர்ந்தன. தண்ணீரின் மேல்முகம் அங்கே வேறாக இருந்தது. சூடான தாச்சிக்கு மேல் காற்று நெளியுமே, அப்படி நெளிந்தது. கீழே வெண்மணல் கொதிப்பது போலத் துள்ளிக்கொண்டிருந்தது. சின்னம்மா என்னைத் தண்ணீருக்குள் குனியவைத்து, என் கையைப் பிடித்து அந்த மணலுக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். நிலத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று என் உள்ளங்கையைத் தள்ளியது. பலமாக அல்ல. தூங்கும் பெரிய மிருகத்தின் மூச்சு தள்ளுவது போல, விடாமல், நான் யாரென்று அறியாமல். நான் கையை எடுத்த பிறகும் அது தள்ளிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பும், ஒல்லாந்தர் படம் கீறுவதற்கு முன்பும் அது அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. ஒன்பது வயதில் விளங்கியதற்குமேல் இன்றுவரை ஒன்றும் விளங்கவில்லை.

சின்னம்மா குடத்தின் வாயை உள்ளங்கையால் பொத்தி, அடிவரை அமுக்கி, மணல் துள்ளும் இடத்தில் கையை எடுத்தார். குமிழிகள் வந்தன. நிறைந்ததும் மறுபடி பொத்தி மேலே எடுத்தார். குடித்தார். எனக்கும் தந்தார். பல்லில் மணல் அரைபட்டது. இளநீரைப் போல இருந்தது என்று சொன்னால் பொய். தண்ணீரைப் போல இருந்தது. அந்தக் கோடையில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது.

கிணற்றடி வரிசைக்கு முன்னால் அந்தக் குடத்தோடு நடந்து போனார். எங்கே அள்ளினீர் என்று கேட்டார்கள். கடலுக்குள் என்றார். வரிசை சிரித்தது. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, இது கிணற்றுத் தண்ணீர்தான், களவுக்குக் கையோடு சாட்சியும் வந்திருக்கிறது என்றார். சின்னம்மா வந்து பார்க்கச் சொன்னார். ஊரே கரைக்குப் போனது. அதற்குள் கடல் பெருகிவிட்டது. ஊற்று இருந்த இடத்தில் அலை போய் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் கையால் அள்ளிக் குடித்துத் துப்பினார். அந்தச் சிரிப்பை நான் எழுத விரும்பவில்லை.

அடுத்த வற்றுக்கு ஆண்கள் யாரும் வரவில்லை. பெண்கள் சிலர் குடங்களோடு வந்தார்கள். நம்பி வரவில்லை, தாகத்தில் வந்தார்கள். பெரியப்பாவின் மூத்த மகள், எனக்கு அக்கா முறை, தகப்பனுக்குச் சொல்லாமல் வந்தாள். சின்னம்மா நடுவில் நின்று ஒவ்வொரு குடத்தையும் பொத்தி அமுக்கி நிரப்பிக் கொடுத்தார். குடம் வாங்கிய ஒவ்வொருவரிடமும், "ஆர் கண்டது?" என்று கேட்டார். "நீர்தான்" என்று சொன்ன பிறகே குடத்தைக் கையில் விட்டார்.

கடைசியாகப் பெரியப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குடித்தார். மறுபடி குடித்தார். அவருடைய கண்ணில் நீர் இருந்தது, கடல் தெறித்ததாகவும் இருக்கலாம். கரைக்கு வந்து, சுற்றிவரக் கல் அடுக்க வேண்டும், ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றார். சின்னம்மாவின் முறை திரும்பக் கிடைத்தது. குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்பட்டதாக அறிவித்தல் எதுவும் வெளியிடப்படவில்லை.

கல் அடுக்கும் முன் வழக்கம் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் புதுத் தண்ணீர் கண்டால் முதற்குடத்தைப் புருஷனோடு கூடி வாழும் பெண்தான் அள்ள வேண்டும். அது வைரவருக்குப் போகும். அள்ளியவரின் வீட்டுப் பெயர் தண்ணீருக்கு வரும். கண்டவர் யார் என்று வழக்கம் கேட்பதில்லை. பெரியம்மா பட்டுச் சேலையோடு இறங்கி அள்ளினார். பொத்தி அமுக்கத் தெரியாததால் குடத்தில் கடல் தண்ணீர்தான் வந்தது. மாட்டோடு பின்னால் நின்ற சின்னம்மா, "வாயைப் பொத்துங்கோ, பெரியக்கா" என்று கத்தினார். பெரியம்மா திடுக்கிட்டுத் தன் வாயைப் பொத்தினார். சிரிப்பு அடங்கிய பிறகு இரண்டாவது குடம் சரியாக வந்தது. முதற்குட உப்போடு வைரவர் என்ன செய்தார் என்று தெரியாது. அன்றிலிருந்து அது பெரியவர் வீட்டு ஊற்று.

பிறகு ஜீப் வந்தது. பொறியியலாளர் நல்ல மனிதர். காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கி, போத்தல்களில் பிடித்தார், அடிக்கடி "அற்புதம்" என்றார். கரையேறிப் பெரியப்பா வீட்டுக் கதிரையில் இருந்து, இதைக் கண்டது யார் என்று கேட்டார். ஆகவே விதிப்படி விசாரணை நடந்தது. "நாங்கள்தான் கண்டது" என்றார் பெரியப்பா. பொறியியலாளர் எழுதிக்கொண்டார். குசினி அடுப்படிப் பக்கம் நின்ற சின்னம்மா முன்னுக்கு வர எடுத்த காலை அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார். வந்த மனிதர்களுக்கு முன்னால் வீட்டுச் சண்டை வேண்டாம் என்று அம்மா நினைத்தார். நல்லது என்று நம்பித்தான் பிடித்தார். அம்மா சாகும்வரை சின்னம்மா அதை அவருக்குச் சொல்லிக் காட்டினார்.

பிறகு நடந்தவற்றை நீங்களும் பட்டிருக்கிறீர்கள். சண்டை, இடப்பெயர்வு, ஆளுக்கொரு நாடு. வட்டக் கட்டு சரிந்தது. கல் உடைந்து மூன்று பெயர்களும் மூன்று துண்டுகளாகக் கிடந்தன. எங்கெங்கோ இருந்துவிட்டுச் சின்னம்மா இறுப்பிட்டிக்கே திரும்பினார். ஓய்வுக்குப் பிறகு நானும் அவரோடு வந்து சேர்ந்தேன். எண்பதைத் தாண்டியவர். கண் மங்கல், குரல் அப்படியே.

இரண்டு வருடத்துக்கு முன் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று ஆகாயத்தில் சூடு குளிர் பார்க்கும் கமராவைப் பறக்கவிட்டு, எங்கள் கரையோரக் கடலில் நன்னீர் ஊறுவதை முதன்முறையாகக் கண்டுபிடித்திருக்கிறதாம். நான் வாசித்துக் காட்டினேன்.

"மேலை நிண்டு பாத்தா நல்ல தண்ணியோ எண்டு எப்பிடித் தெரியும்? வாயிலை விட்டுப் பாத்தவையோ?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கட்டைத் திருப்பிக் கட்டீனமாம். புதுக் கல்லும் வைக்கப் போயினமாம். அதிலை என்ரை பேர் வரவேணும். நீ பெரிய கந்தோரிலை இருந்தனீதானே. இன்னும் எத்தினை நாளைக்கு நான் இருப்பன்?"

கேட்டவர் கெஞ்சவில்லை. வரவேண்டியதைக் கேட்டார்.

விண்ணப்பம் எழுதினேன். விதியை மேற்கோள் காட்டினேன். கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று இன்னொன்று வந்தது. உரிய இடம் எதுவென்று தெரிவிக்குமாறு மூன்றாவது வந்தது. இந்த மூன்று கடிதங்களையும் என் காலத்தில் நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதால் குறை சொல்லவில்லை, நடை மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கடைசியில் ஒரு இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். என்னைத் தவிர, நேரில் கண்ட இன்னொருவரின் சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

குடத்தோடு அன்று வந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒருத்தி. பெரியப்பாவின் மூத்த மகள், கனடாவில். ஊற்றுக்கு இருந்த பெயர் அவளுடைய தகப்பன் வீட்டுப் பெயர். கட்டைத் திருப்பிக் கட்டக் காசு சேர்த்தவர்களிலும் அவளுடைய பிள்ளைகள் முக்கியமானவர்கள், தாத்தாவின் பெயர் புதுக் கல்லில் வரும் என்று நம்பியிருந்தார்கள். வீடியோ அழைப்பில் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் யன்னலில் வெண்பனி விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா சாகேக்கையும் அந்தக் கல்லைப் பற்றித்தான் கதைச்சவர்" என்றாள். "அவருக்கு வேறை பெருமை ஒண்டும் இருக்கேல்லை."

சின்னம்மா என் தோளுக்குமேலால் எட்டித் திரையைப் பார்த்தார்.

"பிள்ளை, ஆர் கண்டது?"

அக்கா சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். "நீங்கள்தான், சின்னம்மா. அப்பாவுக்கும் தெரியும்." சத்தியக்கடதாசி அந்த மாதமே வந்து சேர்ந்தது.

பதில் வரவில்லை. காத்திருந்த நாட்களில் ஒருநாள் வற்றுக்குத் தனியாகக் கரைக்குப் போனேன். முழங்கால் வலியோடு இறங்கிச் சரிந்த கட்டுக்குள் கையை வைத்தேன். தள்ளியது. அதே பலம். மூன்று தலைமுறைச் சண்டையும் சமாதானமும் அதற்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அது எங்கை போகும், எனக்குத்தான் நேரமில்லை என்றார் சின்னம்மா.

பிறகு பதில் வந்தது. சான்றுகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன, புதிய கல்லில் முதலில் கண்டவர் என்று அவருடைய பெயர் பொறிக்கப்படும். ஒரேயொரு விபரம் தேவை: பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரைப் போடுவதா, கணவன் பெயரைப் போடுவதா என்று தெரிவிக்கவும். உரத்து இரண்டு தடவை வாசித்தேன். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவையள் அண்டைக்கு இடுப்பளவு தண்ணிக்கை நிண்டவையோ?"

இல்லை என்றேன்.

"அப்ப என்ரை பேர் மட்டும் போதும். அதை மட்டும் பெரிசா வெட்டச் சொல்லு."

அப்படியே எழுதி, அவருடைய கைநாட்டை அல்ல, கையெழுத்தை வாங்கி, அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். சின்னம்மாதான் முதலில் கண்டவர் என்று ஏற்ற அந்தப் பதில் எங்கள் கைக்குக் கிடைத்த திகதி, பதிவுக்காக: இந்த வருடம், ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, முற்பகல்.